மஞ்சள் எஞ்சின் லைட் அழிச்சாலும் திரும்பத் திரும்ப வருது, ஓட்டலாமா நிறுத்தணுமா?

சாலைக்காற்று
எல்லாருக்கும் வணக்கம். ஏழு வருஷப் பெட்ரோல் வண்டி, மேனுவல் கியர். போன வாரம் காலைல ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச தூரம் போனதுமே மீட்டர்ல எஞ்சின் படம் போட்ட மஞ்சள் லைட் வந்துச்சு, அணையவே இல்ல. மெக்கானிக்கிட்ட கொண்டு போனேன், அவர் ஸ்கேனர் மாட்டி ஏதோ பார்த்துட்டு "சென்சார் பிரச்சனை சார், அழிச்சு விட்டுட்டேன்"னு அனுப்பிட்டார். ரெண்டாவது நாளே திரும்ப வந்துடுச்சு. மறுபடி போனேன், மறுபடி அழிச்சார், இந்த தடவை ஆக்ஸிஜன் சென்சார் மாத்தணும்னு சொல்றார். ஸ்கேனர்ல என்ன கோடு (code), அதாவது கோளாறு நம்பர், வந்துச்சுன்னு கேட்டா சரியா பதில் இல்ல.

வண்டி நல்லாத்தான் ஓடுது. பிக்கப் குறையல. ஆனா காலைல ஐட்லிங்ல மட்டும் லேசா ஒரு உதறல் இருக்கு, ஸ்டீரிங்ல கை வச்சா தெரியுது. அடுத்த வாரம் குழந்தையோட 400 கிலோமீட்டர் போகணும், வீட்டுல "இந்த லைட்டோட எப்படிப் போறது"ன்னு கேக்குறாங்க, எனக்கு பதில் தெரியல. பத்து வருஷமா வண்டி ஓட்டுறேன், அந்த போர்டுல இருக்குற பாதி படத்துக்கு அர்த்தம் தெரியாதுன்னு இப்பத்தான் உறைக்குது. தெரிஞ்சவங்க பொறுமையா சொல்லுங்க.

பழைய பானட்
வணக்கம் தம்பி. முதல்ல கலரைப் பாருங்க, அப்புறம்தான் படம். சிவப்புன்னா ஓரங்கட்டுன்னு அர்த்தம், மஞ்சள்னா சீக்கிரம் பாரு, பச்சையும் நீலமும் ஒண்ணு ஓடிட்டு இருக்குன்னு சொல்ற தகவல், அவ்வளவுதான். படங்களுக்கு ஐஎஸ்ஓ 2575னு ஒரு உலகத் தரம் இருக்கு, அதனாலதான் எந்தக் கம்பெனி வண்டில ஏறினாலும் ஆயில் கேன், பேட்டரி, தெர்மாமீட்டர் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்.

இப்ப உங்க விஷயம். அந்த லைட் எந்த பார்ட் கெட்டுப்போச்சுன்னு சொல்லாது. கம்ப்யூட்டர் ஒரு அளவை எடுக்குது, அது இருக்கவேண்டிய எல்லைக்குள்ள இல்ல, அதை மட்டும்தான் சொல்லுது. ஆக்ஸிஜன் சென்சார் சம்பந்தமா கோடு வந்தா சென்சார் கெட்டுப்போச்சுன்னு எடுத்துக்கறது, காய்ச்சல் காட்டின தெர்மாமீட்டரைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குற மாதிரி. சில சமயம் நிஜமாவே சென்சார்தான் போயிருக்கும், ஆனா நிறைய தடவை அது உண்மையைத்தான் சொல்லிட்டு இருக்கும்.

ரெண்டாவது நாள் திரும்ப வந்ததுக்கும் காரணம் இருக்கு. பெரும்பாலான கோடுகளுக்கு ஒரு தடவை கோளாறு தெரிஞ்சா கம்ப்யூட்டர் மனசுல மட்டும் வச்சுக்கும், அடுத்த ஓட்டத்துலயும் அதே கோளாறு தெரிஞ்சாத்தான் லைட்டைப் போடும். அதனால அழிச்ச அன்னிக்கு நல்லா இருக்கும், சரியாயிடுச்சுன்னு நம்மளும் நம்பிடுவோம். அழிக்கும்போது இன்னொரு நஷ்டமும் இருக்கு, கோளாறு நடந்த நேரத்துல எஞ்சின் சூடு எவ்வளவு, ஆர்பிஎம் எவ்வளவு, லோடு எவ்வளவுன்னு ஒரு பதிவு சேமிச்சு வச்சிருக்கும், ஃப்ரீஸ் ஃப்ரேம்னு சொல்லுவாங்க, அதுவும் சேர்ந்து அழிஞ்சுடும். கோளாறு எப்ப நடந்துச்சுன்னு சொல்ற சாட்சி அது. இன்னொரு தடவை லைட் வந்தா யாரையும் அழிக்க விடாதீங்க, கோடு நம்பரையும் அந்தப் பதிவையும் போட்டோ எடுத்து இங்க போடுங்க.

வண்டி கம்ப்யூட்டர்ல இருக்குற கோடைப் படிக்குற ப்ளூடூத் ஓபிடி அடாப்டர் ஒண்ணு வாங்கிக்கோங்க, ஸ்டீரிங்குக்குக் கீழ 16 பின் சாக்கெட் இருக்கும், மாட்டினா போன்லயே தெரியும்.

நெடுவழி_22
ப்ரோ இதுக்கெல்லாம் இவ்ளோ பயப்படாதீங்க. மஞ்சள்னா ஓட்டலாம். என் வண்டில ரெண்டு வருஷமா எரியுது, ஒண்ணும் ஆகல. லாங் ட்ரிப் கூட போயிருக்கேன். சிவப்பு வந்தா மட்டும் பாருங்க போதும்.

பழைய பானட்
நெடுவழி தம்பி, உங்க வண்டி ஓடுறது சந்தோஷம், ஆனா இதைப் படிச்சுட்டு வேற யாராவது அப்படியே எடுத்துக்கக் கூடாதுன்னுதான் எழுதுறேன். மஞ்சள் எஞ்சின் லைட் நிலையா எரிஞ்சா, வண்டில வேற மாற்றம் ஒண்ணும் இல்லன்னா, நிதானமா ஓட்டி சில நாள்ல காட்டலாம், சரி. ஆனா அதே லைட் மின்னி மின்னி எரிஞ்சா கதையே வேற. மின்னுதுன்னா எஞ்சின் மிஸ்ஸிங் அடிக்குது, அதுவும் புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுக்குற அளவுக்கு அடிக்குதுன்னு அர்த்தம். எரியாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் பக்கம் போய் அந்தக் கன்வெர்ட்டருக்குள்ள எரியும், உள்ள தேன்கூடு மாதிரி இருக்குற பீங்கான் உருகி அடைச்சுக்கும், அப்புறம் மலை ஏறாத வண்டி மாதிரி இழுக்கும். ஒரு இக்னிஷன் காயில், இல்ல நாலு ஸ்பார்க் பிளக்கோட முடிய வேண்டிய செலவு எங்கயோ போய் நிக்கும். அந்த மாதிரி மின்னினா ஆக்சிலேட்டரை விட்டு மெதுவா வாங்க, அப்பவும் மின்னினா நிறுத்திடுங்க.

இன்னொண்ணு, ரெண்டு வருஷமா எரியுற லைட்டுக்குப் பின்னாடி புதுசா ஒரு கோளாறு வந்தா உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரே லைட்தானே. ஏற்கனவே எரியுறதால புதுசா வர்றது கண்ணுக்கே தெரியாது. அது என்னை உண்மையிலேயே கவலைப்பட வைக்குது. ஒரு தடவை கோடு எடுத்துப் பாருங்க தம்பி.

நெடுவழி_22
இந்த ஆங்கிள்ல யோசிக்கல அண்ணா. எடுத்துப் பாக்குறேன்.

மேகநிழல்
சிவப்புன்னா நிறுத்தணும்னு எல்லாரும் ஈஸியா சொல்றோம், ரோட்டுல அந்த நிமிஷத்துல நிறுத்துறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும், அதனால என் அனுபவத்தைச் சொல்றேன்.

அப்பாவோட பழைய வண்டி அது. ஒரு சாயங்காலம் வளைவுல திரும்பும்போது மீட்டர்ல ஆயில் கேன் படம் சிவப்பா ஒரு செகண்ட் வந்துட்டு போச்சு. நேரா வந்ததும் அணைஞ்சுடுச்சு. சரி ஏதோ லூஸ் கனெக்ஷன்னு நினைச்சேன். அடுத்த ரவுண்டானால மறுபடி வந்துச்சு, இந்த தடவை ரெண்டு மூணு செகண்ட். வீடு ஆறு கிலோமீட்டர்தான் இருந்துச்சு, இருட்டிட்டு வேற இருந்துச்சு, தனியா இருக்கேன், வீட்டுக்குப் போய் பார்த்துக்கலாம்னு ஓட்டினேன். கடைசி ரெண்டு கிலோமீட்டர்ல லைட் அணையவே இல்ல, டக் டக்னு சுத்தியல்ல தட்டுற மாதிரி சத்தம் ஆரம்பிச்சுது, ரேஸ் குடுத்தா சத்தம் கூடுது. வீட்டு வாசலுக்கு ஒரு தெரு முன்னாடி எஞ்சின் நின்னுடுச்சு. அப்புறம் செல்ஃபே சுத்தல.

டோ பண்ணி எடுத்துட்டு போய் ஆயில் அளவு பாக்குற குச்சியை உருவினப்ப நுனில ஒரு சொட்டு கூட ஒட்டல. வெறும் இரும்பு. துடைக்கக் கூட ஒண்ணும் இல்ல. அந்தக் குச்சியை அப்பா கையில வாங்கிப் பார்த்தது இன்னும் கண்ணுல நிக்குது, ஒரு வார்த்தை திட்டல. கிராங்க் ஷாஃப்ட், பேரிங் எல்லாம் போய் எஞ்சினே மாத்த வேண்டியதாச்சு. முதல் வளைவுலயே நிறுத்தி ஒரு லிட்டர் ஆயில் ஊத்தியிருந்தா இன்னிக்கும் ஓடிட்டு இருக்கும்னு மெக்கானிக் சொன்னார்.

பட்டறைக்கை
மேகநிழல் அக்கா சொன்னதை எல்லாரும் ரெண்டு தடவை படிங்க. நான் பட்டறைல 18 வருஷமா இருக்கேன், இந்த மாதிரி வர்ற வண்டி குறையவே இல்ல.

அந்த ஆயில் கேன் லைட் ஆயில் அளவைக் காட்டுறது இல்ல, பிரஷரைக் காட்டுது. இது தெரியாமத்தான் நிறைய பேர் "ஆயில் கொஞ்சம் குறைஞ்சிருக்கும், நாளைக்கு ஊத்திக்கலாம்"னு ஓட்டுறாங்க. நல்ல எஞ்சின்ல சூடா ஐட்லிங்ல இருக்கும்போதே ஒரு பாருக்கு மேல பிரஷர் இருக்கும், ரோட்டுல ஓடும்போது மூணு நாலு பார் கூட வரும். அந்த ஸ்விட்ச் லைட்டைப் போடுறது பெரும்பாலும் 0.3லேர்ந்து 0.5 பாருக்கு கீழ இறங்கினாத்தான். அதாவது லைட் எரியுதுன்னா பிரஷர் குறைய ஆரம்பிக்குதுன்னு இல்ல, குறைஞ்சு முடிஞ்சுடுச்சு. கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவுல இருக்குற அந்த மெல்லிய ஆயில் படலம்தான் இரும்பு இரும்பை உரசாம காப்பாத்துது. பிரஷர் போனா அந்தப் படலம் போச்சு, அப்புறம் நிமிஷக் கணக்குதான்.

வளைவுல மட்டும் மின்னினதுக்குக் காரணம், ஆயில் குறைவா இருக்கும்போது திரும்புறப்ப மிச்சம் இருக்குற ஆயில், எஞ்சினுக்கு அடில இருக்குற சம்ப்ல, அதாவது ஆயில் தொட்டில, ஒரு பக்கமா ஒதுங்கிடும், பம்ப்பு உறிஞ்சுற வாய் காத்தை இழுக்கும். அதுதான் முதல் எச்சரிக்கை. அக்காவுக்கு அது ரெண்டு தடவை கிடைச்சுது, ஆனா சொல்லிக்குடுக்க அப்ப யாரும் பக்கத்துல இல்ல.

குச்சி பாக்குற முறை: சமதளத்துல நிறுத்தி எஞ்சினை ஆஃப் பண்ணி அஞ்சு பத்து நிமிஷம் விடுங்க, ஆயில் கீழ இறங்கட்டும். உருவி, நல்லா துடைச்சு, முழுசா உள்ள விட்டு மறுபடி உருவிப் பாருங்க. முதல் தடவை உருவினதை நம்பாதீங்க, அது அங்கங்க ஒட்டியிருக்கும். ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்கணும், நிறைய வண்டில அந்த ரெண்டு கோட்டுக்கு நடுவுல ஒரு லிட்டர் கிட்ட வரும். மேல் கோட்டைத் தாண்டி ஊத்தாதீங்க, அதுவும் கெடுதல்தான். ரோட்டுல லைட் வந்து, குச்சில ஆயில் சரியா இருந்தாலும் ஸ்டார்ட் பண்ணிடாதீங்க, பம்ப்பு போயிருக்கலாம், ஸ்ட்ரெய்னர் அடைச்சிருக்கலாம், ஸ்விட்ச் கெட்டிருக்கலாம், ஸ்விட்ச்தான்னு நிரூபிக்காம எஞ்சினைப் பணயம் வைக்க வேண்டாம். இழுத்துட்டு வாங்க.

கண்ணாடிமழை
நல்ல இழை. எனக்கு ஒரு சந்தேகம், சிவப்பு தெர்மாமீட்டர் வந்தா ஏசியை நிறுத்திட்டு ஹீட்டரை ஃபுல்லா வைக்கச் சொல்றாங்களே, சூடான வண்டில ஹீட்டர் போட்டா இன்னும் சூடாகாதா? அப்புறம் சில நாள் காலைல நீலக் கலர்ல அதே படம் வருது, அது என்ன?

பட்டறைக்கை
நீலம்னா எஞ்சின் இன்னும் குளிரா இருக்குன்னு அர்த்தம், அது போற வரைக்கும் ரேஸ் விரட்டாம ஓட்டுங்க, போதும்.

ஹீட்டர் விஷயம் உண்மைதான். டேஷ்போர்டுக்குப் பின்னாடி சின்னதா ஒரு ரேடியேட்டர் மாதிரி இருக்கு, எஞ்சின் தண்ணி அது வழியாத்தான் சுத்தி ஹீட்டர் காத்து சூடாகுது. அதை ஃபுல்லா திறந்து ஃபேனை ஃபுல்லா வச்சா எஞ்சின் சூட்டுல ஒரு பங்கை நம்ம பக்கம் இழுத்து வெளிய தள்ளுது. உக்காந்திருக்குறவங்களுக்கு வெந்து போகும், ஆனா பாதுகாப்பான ஒரு இடம் வந்து ஓரங்கட்டுற வரைக்கும் எஞ்சினுக்கு மூச்சு கிடைக்கும். அது ஒதுங்குறதுக்கு மட்டும், தொடர்ந்து ஓட்டிப் போறதுக்கு இல்ல.

நிறுத்தினதும் செய்யக்கூடாத ஒண்ணு, ரேடியேட்டர் மூடியைத் திறக்கறது. உள்ள பிரஷர்ல இருக்கு, பிரஷர்ல இருக்குறதாலதான் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காம இருக்கு, மூடியைத் திறந்த நிமிஷமே மொத்தமும் கொதிச்சு மூஞ்சில அடிக்கும். எங்க பட்டறைல ஒரு பையன் முன்கை முழுக்க வெந்து ரெண்டு மாசம் வேலைக்கு வரல. அரைமணி நேரமாவது விடுங்க, மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்க, கை தாங்குற சூட்டுக்கு வந்தப்புறம் கனமான துணியைப் போட்டு கால் சுத்து திருப்பி பிரஷரை விட்டுட்டு அப்புறம் திறங்க. சூடா இருக்கும்போது பச்சைத் தண்ணி ஊத்தவே கூடாது, ஹெட்டோ பிளாக்கோ விரிசல் விடும்.

இதுல ஒரு ஏமாத்து இருக்கு, கவனமா கேளுங்க. தண்ணி மொத்தமா ஒழுகிப்போச்சுன்னா சென்சார் வெறும் காத்துல நிக்கும், தண்ணியோட சூட்டை அளக்குற சென்சாருக்கு தண்ணியே இல்ல, முள்ளு கீழ இறங்கிடும். ஏறிட்டு இருந்த முள்ளு திடீர்னு இறங்குது, ஹீட்டர்ல சூடான காத்து வர்ற இடத்துல குளிர்ந்த காத்து வருதுன்னா சரியாயிடுச்சுன்னு நினைக்காதீங்க, அப்பத்தான் உடனே நிறுத்தணும்.

ராத்திரிப்பயணி
பேட்டரி லைட்டுக்கும் யாராவது சொல்லுங்க. எனக்கு ஓடிட்டு இருக்கும்போது சிவப்பா வந்துச்சு, புது பேட்டரி மாத்தினேன், மறுநாளே திரும்ப வந்துடுச்சு. மாத்தினவர் பேட்டரி நல்லாத்தான் இருக்குன்னு சொல்றார்.

பழைய பானட்
பேட்டரி நல்லாத்தான் இருக்கும் நண்பா. அந்தப் படம் பேட்டரியைப் போட்டிருந்தாலும் அது சொல்றது சார்ஜ் ஏறலன்னு. ஆல்டர்னேட்டர், நம்ம ஆளுங்க டைனமோன்னு சொல்றது, அது வேலை செய்யல, இல்ல பெல்ட் வழுக்குது, இல்ல வயர் விட்டுப்போச்சு. ஒரு மல்டிமீட்டர் போதும். எஞ்சின் ஆஃப்ல, கொஞ்ச நேரம் ஓய்வு குடுத்த நல்ல பேட்டரி 12.6 வோல்ட் கிட்ட காட்டும். எஞ்சின் ஓடும்போது பொதுவா 13.8லேர்ந்து 14.5க்குள்ள வரணும். ஓடும்போதும் 12தான் காட்டுது, நிமிஷத்துக்கு நிமிஷம் இறங்குதுன்னா டைனமோ பக்கம் பாருங்க.

ரோட்டுல வந்தா ஏசி, மியூசிக், சீட் ஹீட்டர் எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டு நேரா பட்டறைக்கு விடுங்க, நடுவுல எஞ்சினை ஆஃப் பண்ணாதீங்க, திரும்ப செல்ஃப் எடுக்காம போகலாம். ஆனா முதல்ல தெர்மாமீட்டரைப் பாருங்க. சில வண்டில டைனமோவைச் சுத்துற அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுத்தும், பெல்ட் அறுந்திருந்தா பேட்டரி லைட் முதல்ல வரும், கொஞ்ச நேரத்துல சூடு ஏறும். பேட்டரி லைட்டோட ஸ்டீரிங்கும் கல்லு மாதிரி கனமாச்சுன்னா இன்னும் சந்தேகப்படணும், ஓரங்கட்டி பானட்டைத் திறந்து பெல்ட் இருக்கான்னு பாருங்க.

பட்டறைக்கை
இதோட ஒண்ணு சேர்த்துக்கறேன். டைனமோ வேலை செய்யுதான்னு பாக்க ஓடுற வண்டில பேட்டரி டெர்மினலைக் கழட்டிப் பாக்குற பழக்கம் இன்னும் சில பேர்கிட்ட இருக்கு. செய்யவே விடாதீங்க. வோல்டேஜ் எகிறி கம்ப்யூட்டரையே அடிச்சுடும்.

தாரா_ஓட்டுநர்
பிரேக் லைட் பத்தி என் கேள்வி. எனக்கு சிவப்பு வட்டத்துல ஆச்சரியக்குறி, பிரேக் அடிக்கும்போது மட்டும் சட்டுனு வந்துட்டு போகுது. ஹேண்ட் பிரேக் முழுசா கீழதான் இருக்கு. பானட்டைத் திறந்து பார்த்தா பிரேக் ஆயில் டப்பால கீழ்க் கோடு வரைக்கும் இறங்கியிருக்கு. ஊத்தி நிரப்பினா போதுமா?

பட்டறைக்கை
நிரப்பிட்டு மறந்துடாதீங்க மேடம். பிரேக் ஆயில் பெட்ரோல் மாதிரி செலவாகுற பொருள் இல்ல. இறங்கியிருக்குன்னா ரெண்டுல ஒண்ணு, எங்கயாவது ஒழுகுது, இல்லன்னா பிரேக் பேட் தேஞ்சிருக்கு. பேட் தேயத் தேய அதை அமுக்குற காலிப்பர் பிஸ்டன் வெளிய வந்து நிக்கும், அந்த இடத்தை நிரப்ப டப்பாலேர்ந்து ஆயில் இறங்கும், அதனால லெவல் மெதுவா மாசக்கணக்குல குறையும். நாலு சக்கரத்துக்கும் உள்பக்கம் ஈரம் இருக்கான்னு பாருங்க, பேட் கனத்தைப் பாருங்க. பேட்தான் காரணம்னா புதுசு போடும்போது பிஸ்டனை உள்ள தள்ளினதும் லெவல் தானா மேல வந்துடும், ஏற்கனவே நிரப்பி வச்சிருந்தா வழிஞ்சு பெயின்ட்டைத் தின்னுடும்.

பெடல் பஞ்சு மாதிரி அமுங்குது, இல்ல வழக்கத்தை விட கீழ போகுதுன்னா ஓட்டவே ஓட்டாதீங்க, எங்கயாவது ஒழுகலாம், இல்ல பிரேக் லைன்ல காத்து புகுந்திருக்கலாம்.

ஏபிஎஸ்னு எழுதின மஞ்சள் லைட் தனியா எரிஞ்சா சாதாரண பிரேக் பிடிக்கும், சடன் பிரேக்ல சக்கரம் லாக் ஆகாம பாத்துக்குற ஏபிஎஸ் மட்டும் கிடையாது, ஈர ரோட்டுல வேகத்தைக் குறைச்சு இடைவெளி விட்டு ஓட்டணும். ஆனா ஏபிஎஸ் மஞ்சளும் பிரேக் சிவப்பும் சேர்ந்து எரிஞ்சா முன் பின் சக்கரத்துக்கு பிரேக் பலத்தைப் பிரிச்சுக் குடுக்குற ஈபிடியும் போயிருக்கலாம், கடுமையா அமுக்கினா பின் சக்கரம் முன்னாடியே லாக் ஆகி வண்டி திரும்பிடும். அது நிறுத்த வேண்டிய நிலைமை.

இரண்டாம்கை
நான் பழைய வண்டி வாங்கி ஏமாந்தவன், அதுல கத்துக்கிட்ட ஒண்ணு சொல்றேன், இங்க யாரும் இன்னும் சொல்லல. எரியுற லைட்டை மட்டும் பேசுறோம், எரியவேண்டிய நேரத்துல எரியாத லைட்டும் ஒரு எச்சரிக்கைதான். சாவியைப் போட்டு ஸ்டார்ட் பண்ணாம ஆன் வரைக்கும் திருப்பினா போர்டுல முக்கியமான லைட் எல்லாம் ஒண்ணா வரும், பெரும்பாலானது சில செகண்ட்ல அணைஞ்சுடும், ஆயிலும் பேட்டரியும் எஞ்சின் ஓட ஆரம்பிச்சப்புறம்தான் அணையும். நான் வாங்கின வண்டில ஏர்பேக் லைட் வரவே இல்ல. வாங்கும்போது கவனிக்கல, போர்டு சுத்தமா இருந்துச்சு, சந்தோஷமா வாங்கினேன். ஆறு மாசம் கழிச்சு வேற வேலைக்கு மீட்டரைக் கழட்டினப்ப அந்த லைட்டுக்கு மேல கறுப்பு டேப் ஒட்டியிருந்துச்சு. உள்ள ஏர்பேக்கே இல்ல, எப்பவோ ஒரு விபத்துல வெடிச்சதை மாத்தாம மூடிட்டு வித்திருக்காங்க. அந்த ஆறு மாசமும் பக்கத்து சீட்டுல அம்மா உக்காந்து வந்தாங்க.

பட்டறைக்கை
இது ரொம்ப முக்கியமான பதிவு. ஏர்பேக் லைட் எரிஞ்சிட்டே இருந்தா விபத்துல ஏர்பேக் திறக்காம போகலாம், வண்டி வித்தியாசமே இல்லாம ஓடும், அதனால ஜனங்க தள்ளிப்போடுறாங்க. சில சமயம் காரணம் சின்னது, சீட்டுக்குக் கீழ மஞ்சள் உறை போட்ட கனெக்டர், சீட்டை முன்ன பின்ன தள்ளுறப்ப லூசாகும். ஆனா நீங்களே மல்டிமீட்டர் வச்சு அந்த வயரைச் சோதிக்காதீங்க, அந்தச் சின்ன கரண்ட்லயே வெடிக்க வாய்ப்பு இருக்கு.

டீசல்வாசம்
டீசல்காரங்களுக்கு சுருக்கமா. சுருள் கம்பி மாதிரி மஞ்சள் படம் க்ளோ பிளக், ஸ்டார்ட்டுக்கு முன்னாடி எஞ்சின் உள்ள சூடாக்குறது, அந்த லைட் அணைஞ்சதும் செல்ஃப் அடிங்க. ஓடும்போது மின்னினா கோளாறு. துளித்துளியா புள்ளி போட்ட பெட்டி மாதிரி வர்றது டிபிஎஃப், புகைக்கரியைப் பிடிக்குற ஃபில்டர் நிறைஞ்சுட்டு இருக்குன்னு அர்த்தம், சின்னச் சின்ன தூரமா மட்டுமே ஓட்டுறவங்களுக்கு வரும். அந்தக் கரி எரியணும்னா உள்ள 600 டிகிரி கிட்ட சூடு வேணும், அதனால திறந்த ரோட்டுல 60க்கு மேல நிலையான வேகத்துல 15, 20 நிமிஷம் ஓட்டினா பெரும்பாலும் தானா சுத்தமாயிடும். நடுவுல ஆஃப் பண்ணாதீங்க, காஞ்ச புல்லு மேல நிறுத்தாதீங்க. புகையைச் சுத்தம் பண்ண தனி டேங்க்ல ஊத்துற ஆட்ப்ளூ திரவம் தீரப்போகுதுன்னு கிலோமீட்டர் கணக்கு காட்ட ஆரம்பிச்சா உடனே நிரப்புங்க, பூஜ்ஜியம் வந்து ஆஃப் பண்ணினா மறுபடி ஸ்டார்ட் ஆகாது.

சாலைக்காற்று
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ராத்திரி முழுக்க உக்காந்து படிச்சேன். அடாப்டர் வாங்கிட்டேன். லைட் நேத்து திரும்ப வந்துச்சு, அழிக்காம எடுத்தேன். கோடு பி0171, கலவை மெலிசா, அதாவது காத்து அதிகமா பெட்ரோல் கம்மியா, இருக்குன்னு வருது. ஃப்ரீஸ் ஃப்ரேம்ல வேகம் பூஜ்ஜியம், ஆர்பிஎம் 780. அப்புறம் ஃப்யூயல் ட்ரிம்னு ஒண்ணு இருக்கே, அது ஐட்லிங்ல கூட்டல் 22 சதவீதம் காட்டுது, 2,500 ஆர்பிஎம்ல புடிச்சா கூட்டல் 4க்கு வந்துடுது. ஆக்ஸிஜன் சென்சார் மாத்தவா?

பட்டறைக்கை
மாத்தாதீங்க! நீங்க எடுத்த ரெண்டு நம்பரே பதிலைச் சொல்லுது. கூட்டல் 22ன்னா கம்ப்யூட்டர் வழக்கமா குடுக்குறதை விட 22 சதவீதம் பெட்ரோல் அதிகமா குடுத்து சமாளிச்சுட்டு இருக்கு, காரணம் எங்கயோ கணக்குல வராத காத்து உள்ள நுழையுது. ஐட்லிங்ல எஞ்சின் இழுக்குற காத்தே கொஞ்சம்தான், அதுல ஓட்டை வழியா வர்றது பெரிய பங்கு. ரேஸ் குடுத்தா மொத்தக் காத்து கூடிடும், அதே ஓட்டை சின்னப் பங்காயிடும், அதனாலதான் 4க்கு இறங்குது. பெட்ரோல் பம்ப்போ ஃபில்டரோ காரணமா இருந்தா நேர் எதிரா, ரேஸ்லதான் மோசமாகும். காலை உதறலும் இதோட பொருந்துது, குளிர்ல ரப்பர் சுருங்கி விரிசல் திறக்கும்.

எஞ்சின் ஆஃப்ல, ஏர் ஃபில்டர் பெட்டிலேர்ந்து த்ராட்டில் வரைக்கும் போற ரப்பர் குழாய், அப்புறம் சிலிண்டருக்குக் காத்தைப் பிரிச்சு விடுற மேனிஃபோல்டுக்குப் போற சின்னச் சின்ன ஹோஸ் எல்லாத்தையும் விரலால வளைச்சு வளைச்சுப் பாருங்க, அடிப்பக்கம் முக்கியம். கிடைக்கலன்னா புகை விட்டுப் பாக்குற டெஸ்ட் இருக்கு, கேட்டு வாங்கிச் செய்யுங்க.

சாலைக்காற்று
கிடைச்சுடுச்சு அண்ணா!! வால்வ் கவர்லேர்ந்து மேனிஃபோல்டுக்கு வர்ற விரல் தடிமன் ஹோஸ், மேல பாத்தா புதுசு மாதிரி இருக்கு, அடிப்பக்கம் வளையுற இடத்துல நகத்தளவு பிளவு. மடக்கினா வாய் திறக்குது, விட்டா மூடிக்குது. ஹோஸ் மட்டும் மாத்தினேன். ட்ரிம் இப்ப ஐட்லிங்லயும் கூட்டல் 2. நீங்க சொன்ன மாதிரி அழிக்கவே இல்ல, லைட் நாலாவது நாள் தானா அணைஞ்சுடுச்சு. உதறலும் இல்ல.

பழைய பானட்
சந்தோஷம் தம்பி. கோளாறு வராம மூணு ஓட்டம் தொடர்ந்து போனா அதுவே அணைச்சுக்கும், அதுதான் உண்மையா சரியானதுக்கு அடையாளம்.

சாலைக்காற்று
ஆனா இன்னொரு விஷயம். இரண்டாம்கை சொன்னதைப் படிச்சுட்டு சாவியைப் போட்டு ஆன்ல வச்சு ஒவ்வொரு லைட்டா எண்ணினேன். ஏர்பேக் வந்துச்சு, ஏபிஎஸ் வந்துச்சு, பேட்டரி, எஞ்சின் எல்லாம் வந்துச்சு. ஆயில் கேன் வரவே இல்ல. மூணு தடவை போட்டுப் பாத்துட்டேன்.

பட்டறைக்கை
ஸ்டார்ட் பண்ணாதீங்க. முதல்ல குச்சியைப் பாருங்க. அப்புறம் கடைசியா ஆயில் எப்ப மாத்தினீங்கன்னு சொல்லுங்க. பழைய ரக ஸ்விட்ச்ல எஞ்சின் ஓடாதப்ப அது எர்த் ஆகித்தான் லைட்டை எரிய வைக்கும், வயர் விட்டுப்போனா லைட் எப்பவுமே எரியாது, பிரஷர் போனாலும் எரியாது. ஆயில் ஃபில்டருக்குப் பக்கத்துல ஒத்த வயர் போற சின்ன ஸ்விட்ச் இருக்கான்னு பாருங்க.

சாலைக்காற்று
ஆயில் மாத்தி ரெண்டு மாசம் ஆச்சு. டார்ச் அடிச்சுப் பாத்தேன், ஃபில்டருக்கு மேல அந்த ஸ்விட்ச் இருக்கு, வயர் பக்கத்துல தனியா தொங்கிட்டு இருக்கு. ஃபில்டர் மாத்தும்போது கழட்டிட்டு மாட்டாம விட்டிருக்காங்க போல. மாட்டினேன், சாவியைப் போட்டதும் சிவப்பா வந்துச்சு. ரெண்டு மாசமா அந்த லைட் இல்லாமயே குழந்தையை வச்சு ஓட்டியிருக்கேன்.

மேகநிழல்
குச்சில என்ன இருந்துச்சு?

சாலைக்காற்று
மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழ இருக்கு அக்கா. துடைச்சு ரெண்டாவது தடவை விட்டுத்தான் பாத்தேன்.